பழைய நகர மையம்: வண்டியை நிறுத்துவதா, வாசலில் வசூலிப்பதா, வீட்டைக் காப்பதா?

பழைய நகர மையம் ஒன்றை வைத்திருக்கும் எந்த நகராட்சிக்கும் ஒரு கட்டத்தில் மூன்று மனுக்கள் வந்து சேரும். உள்ளே வண்டி விடாதீர்கள் என்பது ஒன்று. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குங்கள், இல்லாவிட்டால் தலையை எண்ணி நிறுத்துங்கள் என்பது இன்னொன்று. வீடுகளை நாள் வாடகைக்கு விடுவதைத் தடுங்கள் என்பது மூன்றாவது. மனு எழுதுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். சொல்லும் காரணம் மட்டும் ஒன்று: ஊர் தாங்கவில்லை.

மூன்றையும் சேர்த்தே செய்துவிடலாமே என்று கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்வார். கேட்க நன்றாயிருக்கும். நடைமுறையில் ஒவ்வொன்றும் பல வருடச் சண்டை. கடைக்காரர், வீட்டுக்காரர், விடுதிக்காரர், நீதிமன்றம் என்று படி ஏறி இறங்க வேண்டும். ஆகவே எதை முதலில் எடுப்பது என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம். என் வரிசையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வீடு முதலில், வண்டி அடுத்து, வாசல் கட்டணம் கடைசியில், அதுவும் சில ஊர்களுக்கு மட்டும். நடப்பில் பல ஊர்கள் வண்டியில் தொடங்கி, கட்டணத்தைப் பற்றி வருடக்கணக்கில் பேசி, வீட்டுப் பேச்சுக்கு வரும்போது அங்கே குடியிருப்பவர் அதிகம் பேர் மிச்சமில்லாமல் நிற்கின்றன.

ஒரே தெரு, இரண்டு புழக்கம்

பயணிக்குப் பழைய ஊர் என்பது பெரும்பாலும் பகல் பத்து மணிக்கும் மாலை ஐந்துக்கும் இடைப்பட்ட ஒரு காட்சி. சதுக்கம், கோபுரம், முகப்பு, நடந்து கால் வலித்தால் உட்கார ஒரு இடம். குடியிருப்பவருக்கோ அதே தெரு என்பது குப்பை எடுக்கும் நேரம், மூன்றாம் மாடிக்கு எரிவாயு உருளை ஏறும் விதம், பிள்ளையைப் பள்ளியில் விட எத்தனை நிமிடம், ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே யார் கத்துகிறார்கள் என்பவை. ஒருவர் தெருவின் முன்பக்கத்தைப் பார்க்கிறார்; இன்னொருவர் அதன் பின்கட்டில் புழங்குகிறார். இருவரும் ஒரே கல்லின் மேல் நடக்கிறார்கள் என்பதாலேயே இருவரின் தேவையும் ஒன்று என்று எண்ணிவிடுவதில்தான் நகராட்சிகளின் பாதிக் குழப்பம்.

ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்வோம். பழைய ஊர்களில் கதவோரக் கம்பியிலோ ஜன்னல் அழியிலோ தொங்கும் எண்பூட்டுச் சாவிப் பெட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு வந்து இறங்கும் பயணிக்கு அது வரப்பிரசாதம்: கைப்பேசியில் வந்த நான்கு எண்ணை உருட்டினால் மூடி திறக்கிறது, சாவி கையில். யாரையும் எழுப்ப வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதே கதவுக்குள் குடியிருப்பவர் எண்ணிப் பார்க்கிறார்: போன வருடம் ஒரு பெட்டி, இந்த வருடம் நான்கு. ஏழு வீடு உள்ள கட்டிடத்தில் நான்கு வீடுகளில் இனி வாரம் ஒரு முகம். கூரியர்காரர் வந்தால் வாங்கி வைக்க ஆளில்லை. மேல் வீட்டுக் குழாய் கசிந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. கூரைக்கு ஓடு மாற்றப் பங்குப் பணம் கேட்டால், வேறு நாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு மின்னஞ்சல் போட வேண்டும். பெட்டியால் யாருக்கும் அடிபடவில்லை, சத்தமும் இல்லை. ஆனால் கட்டிடம் குடியிருப்பு என்ற நிலையிலிருந்து மெல்ல நழுவிவிட்டது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் 2025-ல் தன் வரலாற்று மையத்தில் இந்தப் பெட்டிகளுக்கே தடை போட்டது. பெட்டியை எடுத்தால் வாடகை நிற்காது. அடையாளத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று கிண்டல் செய்யலாம். ஆனால் அந்த ஊரே அதற்கு முன், 2023-ல், மையத்தில் புதிய குறுகியகால வாடகைகளை நிறுத்தவும் நடவடிக்கை எடுத்தது. அந்த வகைக் கட்டுப்பாடுகளைப் பின்னால் பார்ப்போம்.

பயணிகள் பெருகும்போது உள்ளூர்க்காரர் மனம் மாறும் விதத்தை 1975-ல் டாக்ஸி என்ற ஆய்வாளர் நான்கு படியாகச் சொன்னார்: குதூகலம், அலட்சியம், எரிச்சல், பகை. இன்றும் எடுத்தாளப்படும் வரிசை அது. எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. ஊருக்கு ஒரே மனம் இருப்பதுபோல அது பேசுகிறது. கீழே நினைவுப்பொருள் விற்கிறவர் குதூகலத்தில் இருக்கும் அதே மணியில், அவர் தலைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவர் பகைக்குப் போயிருப்பார். இரண்டு பேரும் ஒரே வார்டின் வாக்காளர்கள். மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது இந்த இரண்டு பேரையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும்.

வெனிஸின் எண்ணிக்கை

இந்தப் பேச்சில் இத்தாலியின் தீவு நகரமான வெனிஸைத் தவிர்க்க முடியாது. 1951-ல் அதன் வரலாற்று மையத்தில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே இறங்கியது. ரியால்டோ பாலத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் மின்னணுப் பலகை ஒன்று இந்த எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த எண்ணைத் தூக்கிப் பயணிகள் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. 1980-களின் தொடக்கத்திலேயே அங்கே ஒரு லட்சத்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். தரைத்தள ஈரம், 1966-ன் பெருவெள்ளம், கரைக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயிலும் மர்கேராவிலும் தொழிற்சாலை வேலை, லிஃப்ட் உள்ள புதிய வீடு. ஜனங்கள் போனதற்கு இவை எல்லாம் காரணம். சுற்றுலா செய்தது வேறொன்று: காலியான வீட்டுக்கு மறுபடி ஒரு குடும்பம் வருவதை அது தடுத்தது. மாத வாடகையில் கிடைப்பதைச் சில இரவுகளில் எடுத்துவிடலாம் என்றால் எந்த உரிமையாளர் குடும்பத்தைத் தேடுவார்? ஊர் காலியாவதையும், காலியான ஊர் நிரம்பாமல் போவதையும் பிரித்துப் பார்த்தால்தான் எந்த வழி எங்கே வேலை செய்யும் என்பது தெளியும்.

வண்டியை நிறுத்துவது

மூன்றில் இதுதான் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் அரசியல்வாதிகளுக்கும் பிடிக்கிறது. முதலில் எதிர்ப்பு வரும், ஒரு வருடத்தில் எதிர்த்தவர்களே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் தெருவை 1962-ல் காருக்கு மூடியபோது வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். படுக்கவில்லை.

எப்படி மூடுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் 1977-ல் தன் மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. பெல்ஜியத்தின் கென்ட் 2017 ஏப்ரலில் அதே வழியில், காரில்லாத நடுப்பகுதியைச் சுற்றி ஆறு பகுதிகள் வகுத்தது. பக்கத்துப் பகுதிக்குக் காரில் போக வேண்டுமானால் சுற்றுச்சாலை வரை வெளியேறி, சுற்றி வந்து, மறுபடி நுழைய வேண்டும். மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் நேர்வழி. அதாவது காரில் உன் வீட்டுக்கு வராதே என்று யாரிடமும் சொல்லவில்லை. ஊரைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தாதே என்று மட்டும் சொன்னார்கள். எண்பலகையைப் படிக்கும் கேமராவும் அனுமதிச் சீட்டும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

ஸ்பெயினின் பொன்தெவேத்ரா இன்னும் நல்ல பாடம். 1999-ல் மிகேல் அன்ஷோ பெர்னாந்தெஸ் லோரெஸ் மேயரானதும் பழைய மையத்தில் தொடங்கி வண்டிகளை வெளியே தள்ளினார்கள். சரக்கு இறக்க வருபவர், உள்ளே வீட்டோடு கார் கொட்டகை வைத்திருப்பவர், நடக்க முடியாதவரை ஏற்றி இறக்குபவர் ஆகியோருக்கு வழி உண்டு. குறுக்கே கடப்பவரும் நிறுத்த இடம் தேடிச் சுற்றுபவரும்தான் போனார்கள். மெட்ரோ ரயில் வரைபடம் போலவே ஒரு நடைவரைபடம் போட்டார்கள்: இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்தால் இத்தனை நிமிடம் என்று கோடு கோடாக. மெட்ரோ ரயிலே இல்லாத ஊரில்! எனக்கு அந்தக் குறும்பு மிகவும் பிடிக்கும். பொன்தெவேத்ரா பயணிகள் வெள்ளத்தில் மூழ்கிய ஊர் அல்ல. அதனால் காலியான தெரு குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் கிடைத்தது.

இதே மருந்தை ஏற்கெனவே கூட்டம் நெரியும் ஊரில் கொடுத்தால் வேறு விளைவு. கார் விட்டுப்போன இடத்தை உணவகங்களின் மேசை நாற்காலிகள் பிடிக்கின்றன. எஞ்சின் சத்தம் போய், நள்ளிரவில் கல்பாவிய தெருவில் பெட்டிச் சக்கரம் தடதடக்கும் சத்தம் வருகிறது. தெரு அழகாகிவிட்டதால் வாடகை ஏறுகிறது. முட்டிவலிக்காரருக்கு வாசல் வரை டாக்ஸி வராது. எல்லாம் சேர்ந்து, குடியிருந்தவர் விற்றுவிட்டுப் போகலாம் என்று யோசிக்க ஒரு காரணம் கூடுகிறது.

வண்டியில்லாத மையம் குடியிருப்பவரைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சாட்சி வெனிஸ்தான். அந்தத் தீவுத் தெருக்களில் கார் ஓடியதே இல்லை. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் நகரத்து மதிலுக்குள் பளபளக்கும் ஸ்த்ராதுன் தெரு நடப்பவருக்கே உரியது. அங்கும் பழைய ஊருக்குள் குடியிருப்பவர்கள் சில பத்தாண்டுகளில் பெரிதும் குறைந்துவிட்டார்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய பகுதியில் சந்துகள் இன்றும் கழுதைக்கும் தள்ளுவண்டிக்கும்தான் இடம் தருகின்றன. அங்கே ஜனங்கள் வாழ்வதற்குக் காரணம் கார் இல்லாதது அல்ல. பட்டறையும் சந்தையும் வீடும் அங்கேயே இருப்பது. வண்டியை நிறுத்துவது நல்ல காரியம். அது குடியிருப்பைக் காப்பாற்றும் காரியம் என்று மட்டும் யாரும் விற்க வேண்டாம்.

வாசலில் வசூலிப்பது

குடியிருப்பவர் கோபத்தில் முதலில் கேட்பது இதைத்தான். வெனிஸ் இதைப் படிப்படியாகச் செய்து பார்த்திருப்பதால் பேச நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018-ல் விடுமுறைக் கூட்டத்துக்காக இரண்டு முக்கிய வழிகளில் தற்காலிகச் சுழல்கதவுகள் வைத்தார்கள். ஊர்க்காரர்களே எதிர்த்தார்கள். 2024 ஏப்ரல் 25 அன்று பகல்நேரப் பயணிகளுக்கான கட்டணம் சோதனையாகத் தொடங்கியது: அந்த வருடம் 29 நாட்கள், காலை 8.30 முதல் மாலை 4 வரை, தலைக்கு 5 யூரோ. 2025-ல் 54 நாட்கள் ஆயிற்று. கடைசி நேரத்தில் பதிபவருக்கு 10 யூரோ.

முதல் நாள் கணக்கைப் பாருங்கள். பதிவு செய்தவர்கள் சுமார் 1,13,000 பேர். அவர்களில் கட்டணம் கட்டியவர்கள் சுமார் 15,700 பேர்தான். மற்றவர்கள் ஊருக்குள் இரவு தங்குகிறவர்கள், வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள், அந்த மாநிலத்தவர் என்று ஏதோ ஒரு விலக்கில் வந்தவர்கள். 2024 முழுவதும் வசூலானது சுமார் 24 லட்சம் யூரோ. காசாகப் பார்த்தால் கெட்டதில்லை. கூட்டத்தைக் குறைக்கும் கருவியாகப் பார்த்தால்? விமானத்துக்கும் ரயிலுக்கும் செலவழித்து வந்த ஒருவர் ஐந்து யூரோவுக்காகத் திரும்பிப் போவார் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது விலக்குப் பட்டியல். இரவு தங்குகிறவருக்குக் கட்டணம் இல்லை. அவர் ஏற்கெனவே தங்கும் வரி கட்டுகிறார் என்பது காரணம். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதன் மறுபக்கம், வந்தால் தங்கிவிட்டுப் போ என்ற சைகை. தங்க அறை வேண்டும். அறை எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்துதான். வீட்டைக் காக்கும் சட்டம் இல்லாமல் வாசலில் கட்டணம் மட்டும் வைத்த ஊர், ஒரு குழாயை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிட்டிருக்கிறது. என் வரிசையில் கட்டணம் கடைசிக்குப் போனதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

சீனாவின் லிஜியாங் பழைய நகரம் பல வருடங்கள் பராமரிப்புக் கட்டணம் வசூலித்தது. ஒரு காலத்தில் தலைக்கு 80 யுவான். அதே வருடங்களில்தான் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த நாசி இனக் குடும்பங்கள் வீட்டை வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டுப் புதுநகரத்துக்குக் குடிபோனார்கள். கல்லும் ஓடும் ஓடையும் நன்றாகப் பராமரிக்கப்பட்டன. வியட்நாமின் ஹோய் ஆன் கொஞ்சம் வேறு. அங்கே நுழைவுச்சீட்டுப் பணம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கப் போகிறது. அந்த வீடுகளில் பல இன்னும் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. கட்டணத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய உருப்படியான வாதம் இதுதான்: கூட்டத்தைக் குறைக்க என்று சொல்லாதே, கூரையைச் சரிசெய்ய என்று சொல். அந்த ஊரும் 2023-ல் எல்லாப் பயணிகளும் சீட்டு வாங்கியே நுழைய வேண்டும் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்க வேண்டியிருந்தது.

வாசலில் தலையை எண்ணுவதைவிட, புறப்படும் இடத்திலேயே எண்ணுவது புத்திசாலித்தனம். துப்ரோவ்னிக் சொகுசுக்கப்பல் நிறுவனங்களோடு பேசி நாளுக்கு இரண்டு கப்பல் என்ற வரம்புக்கு வந்தது. அங்கே அது நடக்கும்: மதில் சூழ்ந்த ஊர், சில வாசல்கள், பல மாதங்கள் முன்னரே அட்டவணை போடும் கப்பல்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே மணி நேரத்தில் கொட்டப்படுவதைத் தெருவில் நின்று சமாளிப்பதற்குப் பதில் துறைமுகத்திலேயே முடித்துவிட்டார்கள். வெனிஸும் 2021 ஆகஸ்டில் பெரிய கப்பல்களை ஊரை ஒட்டிய ஜூதேக்கா கால்வாயிலிருந்து விலக்கியது. பத்துப் பதினைந்து சாலைகள் வந்து சேரும் திறந்த நகர மையத்துக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே வாசலே இல்லை. எங்கே நின்று வசூலிப்பது?

இன்னொன்று உண்டு, பணத்தில் அளக்க முடியாதது. கட்டண நாளில் ஊர்க்காரரும் நிறுத்தப்பட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். விலக்கு உள்ள மற்றவர்களில் பலர் இணையத்தில் பதிந்து குறியீடு வாங்கி வர வேண்டும். கட்டணம் தொடங்கிய நாளில் வெனிஸில் ஊர்க்காரர்களே வீதிக்கு வந்து எதிர்த்தது இதனால்தான் எனக்குப் புரிகிறது. கண்காட்சிக்குத்தான் நுழைவுச்சீட்டு, எங்கள் ஊரைக் கண்காட்சி என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள் என்பது அவர்கள் வாதம்.

வீட்டைக் காப்பது

இந்த யோசனை புதிதல்ல. இத்தாலியின் பொலோன்யா, வரலாற்று மையத்தின் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து அங்கேயே வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொடுக்க 1973-ல் திட்டம் போட்டது. பியெர் லூயிஜி செர்வெல்லாத்தி என்ற கட்டிடக்கலைஞர் அதன் முகம். சுவரைக் காப்பாற்றிவிட்டு ஆளை மாற்றினால் ஊரைக் காப்பாற்றியதாகாது என்பது அதன் அடிப்படை. முதலில் அரசே வீடுகளைக் கையகப்படுத்தலாம் என்று பார்த்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. பிறகு ஒப்பந்த வழிக்கு மாறினார்கள்: பழுதுபார்க்க நகராட்சி உதவும், பதிலுக்கு உரிமையாளர் பேசிய வாடகையில் பேசிய காலத்துக்குக் குடி வைக்க வேண்டும். நினைத்த அளவுக்கு விரியவில்லை. ஆனால் பழைய கட்டிடங்களின் பாதுகாப்பு பற்றிய ஐரோப்பிய அறிக்கையான 1975-ன் ஆம்ஸ்டர்டாம் பிரகடனம், பழைய பகுதிகளைப் புதுப்பிக்கும்போது குடியிருப்பவர்களின் சமூகக் கலவை பெரிதாக மாறாமல் பார்க்க வேண்டும் என்று எழுதியதில் இந்தச் சிந்தனையின் சாயல் தெரியும். 1987-ன் வாஷிங்டன் சாசனமும் வரலாற்று நகரங்களின் பாதுகாப்பு முதலில் அங்கே குடியிருப்பவர்களின் விவகாரம் என்றே சொல்கிறது.

எதிர்ப்பக்கத்துக்குப் பாரிஸின் மரே பகுதி. 1962-ல் ஆந்த்ரே மால்ரோ அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம், அங்கே இடிபட இருந்த பழைய மாளிகைகளைக் காப்பாற்றியது. அதை மறுக்க முடியாது. முற்றங்களை அடைத்துக்கொண்டிருந்த பட்டறைகளும் ஒட்டுக்கட்டிடங்களும் அகற்றப்பட்டன. கல் வெளுத்தது, கைவினைஞர்கள் போனார்கள், வசதியானவர்கள் வந்தார்கள். இன்று நடந்து பார்க்க அற்புதமான இடம்.

வாடகையைச் சட்டத்தால் பிடித்துவைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு மலேசியாவின் ஜார்ஜ் டவுன் இரண்டு பக்கமும் பதில் சொல்கிறது. 1966-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளின் வாடகையை நீண்ட காலம் அடிமட்டத்தில் வைத்தது. வரும் வாடகையில் ஓடு மாற்றக்கூடக் கட்டாது என்று உரிமையாளர்கள் கைவிட்டார்கள், கட்டிடங்கள் சிதைந்தன. ஆனால் கீழே பட்டறை, மாடியில் குடும்பம் என்று ஊர் நிறைந்திருந்தது. 1997-ல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவெடுத்து, 2000-ன் தொடக்கத்தில் அது முழுமையானதும் வாடகைகள் எகிறின, உள்ளூர்க் குடும்பங்கள் கூட்டமாக வெளியேறின. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது பல வீடுகள் காலியாக, விடுதியாக மாறத் தயாராக இருந்தன. கட்டுப்பாடு மட்டும் போட்டுப் பழுதுபார்க்கப் பணம் தராவிட்டால் கட்டிடம் போகும். கட்டுப்பாட்டை ஒரே நாளில் எடுத்தால் ஆள் போவார். பொலோன்யாவின் கொடுக்கல்வாங்கல் ஒப்பந்தம் இதனால்தான் இன்றும் என் கண்ணில் உயர்ந்து நிற்கிறது.

இன்றைய வடிவம் நாள் வாடகைக் கட்டுப்பாடு. ஆம்ஸ்டர்டாம் முழு வீட்டைப் பயணிகளுக்கு விட 2019-ல் வருடத்துக்கு 30 இரவு என்று வரம்பு வைத்தது. பார்சிலோனா 2024-ல் ஒரேயடியாக அறிவித்தது: உரிமம் பெற்ற 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களும் 2028 நவம்பரோடு முடியும், புதுப்பிக்கப்படாது. முதலாவது எலும்பில்லாதது என்றும் இரண்டாவது முரட்டுத்தனம் என்றும் விமர்சனம் உண்டு. 30 இரவு வரம்பைக் காப்பாற்ற யார் எத்தனை இரவு விட்டார் என்று எண்ண வேண்டும். முன்பதிவுத் தளங்கள் தகவல் தராவிட்டால் ஆய்வாளர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முற்றான தடையில் எண்ணும் வேலை மிச்சம். ஆனால் தன் வீட்டிலேயே ஒரு அறையைப் பயணிக்கு விட்டு ஓய்வுகாலத்தை ஓட்டும் மூதாட்டியும், முப்பது வீடுகளை வாங்கிப் போட்ட நிறுவனமும் ஒரே தராசில் ஏறிவிடக்கூடாது. நான் வகுப்பதானால் உரிமையாளர் அங்கேயே குடியிருந்தால் அறை விடலாம், முழு வீட்டை விட முடியாது என்று வைப்பேன். முதலாவது குடியிருப்பவரை ஊரில் நிறுத்துகிறது, இரண்டாவது வெளியேற்றுகிறது. சரிபார்ப்பதும் சுலபம்: கதவைத் திறப்பவர் யார் என்று பார்த்தால் போதும்.

பயணிக்கு இதில் நட்டம் உண்டு. மதிலுக்குள் அறைகள் குறையும், விடுதி வாடகை ஏறும், கையில் காசு குறைந்தவர் வெளியே தங்கி டிராமில் வர வேண்டியிருக்கும். அதை ஒளிக்கத் தேவையில்லை. பதிலாகப் பயணிக்கு உயிருள்ள ஊர் கிடைக்கிறது, அவருக்கும் அதுதான் வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நிறையப் பயணிகளுக்கு முகப்பு போதும். பின்னால் ஆள் இருக்கிறாரா என்பது நான்கு மணி நேரத்தில் தெரியவே தெரியாது. குடியிருப்பவரைப் பயணியின் ரசனை காப்பாற்றும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கடைகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஆம்ஸ்டர்டாம் 2017-ல் மையத்தில் பயணிகளுக்கென்றே திறக்கும் புதிய கடைகளைத் தடுத்தது. பார்சிலோனாவின் போக்கெரியா சந்தையில் 2015 முதல், வாரக்கடைசியில் ஊர்க்காரர் சாமான் வாங்க வரும் நேரத்தில் 15 பேருக்கு மேற்பட்ட பயணிக் குழுக்களுக்கு அனுமதியில்லை. இவை உதவும், ஆனால் மாடியில் ஆள் இருந்தால்தான். திருகாணி விற்கும் கடை மூடுவதற்குக் காரணம் பயணிகளுக்குக் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் விற்கும் கடை அல்ல. திருகாணி வாங்குபவர் வீடு மாறிப் போனது.

செலவில்லாத சில்லறை வேலைகள்

பெரிய முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெனிஸின் நீர்ப்பேருந்தில் ஊர்க்காரர் அட்டை வைத்திருப்பவருக்குப் பயணியைவிட மிகக் குறைந்த கட்டணம். 2024-ல் அங்கே வழிகாட்டிக் குழுக்களை 25 பேருக்குள் அடக்கி ஒலிபெருக்கியையும் தடை செய்தார்கள். ஜன்னலோரத்தில் படுத்திருக்கும் நோயாளிக்கு எந்தச் சட்டத்தைவிடவும் இது பெரிது. பார்சிலோனாவில் 116-ஆம் எண் சிற்றுந்தில் கூயல் பூங்காவுக்குப் போகும் கூட்டத்தால் அக்கம்பக்கத்து முதியவர்கள் ஏறவே முடியாமல் போக, நகராட்சி 2024-ல் அந்தத் தடத்தை கூகுள் மேப்ஸிலிருந்து எடுக்கவைத்தது. பேருந்து ஓடுகிறது, வரைபடத்தில் மட்டும் இல்லை. கூட்டம் குறைந்தது. இதற்கு எந்த நிதி அறிக்கையும் தேவைப்படவில்லை.

உங்கள் ஊருக்கு எது?

மூன்று விவரம் கையில் இருந்தால் போதும். வருகிறவர்களில் பகலோடு திரும்புபவர் அதிகமா, இரவு தங்குபவர் அதிகமா? ஊருக்கு எண்ணக்கூடிய வாசல்கள் உண்டா? மையத்துக்குள் இன்னும் எத்தனை வீட்டில் வருடம் முழுக்க விளக்கு எரிகிறது?

தங்குபவர் அதிகமாகவும் குடியிருப்பவர் இன்னும் கணிசமாகவும் உள்ள ஊர் வீட்டில் தொடங்கட்டும். முதல் வேலை தடை கூட அல்ல, பதிவேடு: எந்த வீடு, யார் பெயரில், எத்தனை இரவு. அது இல்லாமல் போடும் எந்த வரம்பும் காகிதத்தில்தான் நிற்கும். பதிவேடு வந்ததும் முழு வீட்டு உரிமங்களைப் புதிதாகக் கொடுப்பதை நிறுத்தி, பழுதுபார்ப்பு உதவிக்குப் பதில் நீண்டகாலக் குடிவாடகை என்ற ஒப்பந்தத்தைத் தெருத் தெருவாகப் பேச ஆரம்பிக்கலாம். வண்டிகளை வெளியேற்றுவது அதன் பின்னாலேயே வரட்டும். ஆனால் நாற்காலி போடும் அனுமதிக்கு இரவு நேர வரம்பு முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், பிறகு பிடுங்க முடியாது.

பயணிகள் குறைவான, கார் நெரிசல் மட்டுமே தலைவலியான ஊருக்கு இந்த வரிசை தேவையில்லை. பொன்தெவேத்ராவைப் போல நேராக வண்டியில் தொடங்கலாம். பதிவேட்டை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கப்பலிலும் பெரிய பேருந்திலும் வந்து சில மணி நேரத்தில் திரும்புபவர்களால் திணறும், வாசல் குறைந்த ஊருக்கு முதல் பேச்சுவார்த்தை துறைமுகத்தோடும் பேருந்து நிறுவனங்களோடும். தலைக்கட்டணம் அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், பணம் எந்தக் கூரைக்குப் போகிறது என்று சீட்டிலேயே அச்சடிக்கலாம்.

வருடம் முழுக்க விளக்கு எரியும் வீடு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்ட ஊரில் மட்டும் என் வரிசை உடைகிறது. அங்கே காக்கக் குடியிருப்பு இல்லை. தடை போட்டால் பூட்டிய வீடுகள்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட ஊர் கட்டணத்தை முதலிலேயே வாங்கலாம், நன்றாகவே வாங்கலாம். அந்தப் பணத்தில் நகராட்சி வீடு வீடாக வாங்கி வாடகைக்குக் குடும்பங்களைத் திரும்ப வரவழைக்கிறதா, அல்லது அடுத்த சீசனுக்கு முகப்புக்கு வெள்ளையடிக்கிறதா என்பதை முதல் வருட வரவுசெலவுக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.